கழிவுநீர் மறுபயன்பாட்டில் புற ஊதாக் கிருமிநீக்கம்

நகராட்சிக் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவதற்கு முன், அதில் எஞ்சியுள்ள நோய்க்கிருமிகளைப் புற ஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்யும் முறை. குவார்ட்ஸ் உறைக்குள் வைத்த பாதரச ஆவி விளக்குகள் நீரோட்டத்தில் அமிழ்த்தப்படுகின்றன. நீர் அவற்றைக் கடக்கும் சில நொடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. நீரில் மருந்து எதுவும் சேர்வதில்லை. இம்முறையின் சிறப்பும் சிக்கலும் இதுவே. குளோரின் கலந்த நீரில் எஞ்சியிருக்கும் குளோரினை அளந்து பார்க்கலாம். கதிர் பட்ட நீரில் அளப்பதற்கு எதுவும் எஞ்சாது. ஒவ்வொரு சொட்டு நீருக்கும் போதிய கதிர் கிடைத்தது என்பதை வேறு வழியில்தான் நிறுவ வேண்டும். இத்துறையின் வரலாற்றில் விளக்குகள் மேம்பட்ட கதையைவிட, இந்தச் சான்றைத் தேடிய கதையே நீளமானது.

தொடக்கம்

1801இல் ஜெர்மன் இயற்பியலர் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், நிறமாலையில் ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத பகுதியில் வெள்ளி குளோரைடு விரைந்து கறுப்பதைக் கண்டார். அந்தக் கதிர் கிருமிகளையும் தாக்கும் என்பது தெரிய முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1877இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளண்ட் ஆகிய இருவரும், கிருமி வளர்ப்பதற்கான பாஸ்டர் கரைசலைச் சோதனைக் குழாய்களில் நிரப்பி வெயிலில் வைத்தனர். ஈயத்தகடு சுற்றிய குழாய்களில் கிருமிகள் பெருகிக் கரைசல் கலங்கியது. வெயில் பட்ட குழாய்களில் அது தெளிவாகவே இருந்தது. நிறமாலையின் ஊதா முனையை ஒட்டிய கதிர்களுக்கே இந்த ஆற்றல் மிகுதி என்றும் அவர்கள் கண்டறிந்தனர்.

கிருமிகளை மிக விரைவாகச் செயலிழக்கச் செய்யும் குறுகிய அலைநீளக் கதிர்களை வளிமண்டல ஓசோன் தடுத்துவிடுவதால், அவை தரையை எட்டுவதில்லை. எனவே விளக்கு தேவைப்பட்டது. 1901இல் அமெரிக்கரான பீட்டர் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். சாதாரணக் கண்ணாடி இக்கதிரை விழுங்கிவிடும் என்பதால், ஜெர்மனியின் ஹனாவ் நகரில் ஹெரேயஸ் நிறுவனத்தின் ரிச்சர்ட் கூஹ் உருக்கிய குவார்ட்ஸில் விளக்குக் குழல்களை உருவாக்கினார்.

1910இல் பிரான்ஸின் மார்செய் நகரில் குடிநீரைப் புற ஊதாக் கதிரால் சுத்திகரிக்கும் நிலையம் இயங்கியது. 1916இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள ஹெண்டர்சன் நகரமும், பின்னர் ஒஹையோ, கான்சஸ் மாநிலச் சிற்றூர்களும் இதைப் பின்பற்றின. எந்த நிலையமும் நிலைக்கவில்லை. விளக்குகள் அடிக்கடி பழுதாயின. பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை. 1908இல் ஜெர்சி நகரக் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கியபின், மலிவான அந்த முறையே அமெரிக்கா முழுதும் பரவியது. 1930களின் இறுதிக்குள் மேற்கண்ட அமெரிக்க நிலையங்கள் எல்லாம் கைவிடப்பட்டன.

கிருமி செயலிழக்கும் விதம்

விளக்குகள் ஓய்ந்த அதே காலத்தில் ஆய்வுக்கூடத்தில் அடிப்படை தெளிந்தது. 1920களின் இறுதியில் ஃபிரெடரிக் கேட்ஸ் பல அலைநீளங்களில் பாக்டீரியாவைச் சோதித்து, சுமார் 265 நானோமீட்டரில் விளைவு உச்சத்தை எட்டுவதையும், அந்த வளைகோடு நியூக்ளிக் அமிலம் கதிரை ஈர்க்கும் வளைகோட்டை ஒத்திருப்பதையும் காட்டினார். குறைந்த அழுத்தப் பாதரச விளக்கின் முதன்மைக் கதிர் 253.7 நானோமீட்டர்; உச்சத்துக்கு மிக அருகில் அமைந்தது இயற்கை தந்த வசதி. 1960இல் நெதர்லாந்தின் பியூக்கர்ஸும் பெரண்ட்ஸும், டி.என்.ஏ.வின் அடுத்தடுத்த இரண்டு தைமின் மூலக்கூறுகள் கதிர் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதை விளக்கினர். பிணைப்பு விழுந்த டி.என்.ஏ.வைப் படியெடுக்க முடியாது. கிருமி அக்கணமே சாவதில்லை. பெருகும் திறனை இழக்கிறது. பெருக முடியாத கிருமியால் நோய் உண்டாக்க முடியாது.

சாகாமல் செயலிழந்த கிருமி மீண்டெழவும் கூடும். 1949இல் ஆல்பர்ட் கெல்னர், கதிர் பட்டுச் செயலிழந்த நுண்ணுயிர்கள் கண்ணுறு ஒளி பட்டதும் மீண்டும் வளரத் தொடங்குவதைக் கண்டார். ஒரு நொதி, ஒளியின் துணைகொண்டு தைமின் பிணைப்பை அறுத்துவிடுகிறது. கழிவுநீர் கதிர்ப்பிரிவைக் கடந்ததும் திறந்த வெளியில் வெயிலைத்தான் சந்திக்கும். ஆகவே இந்தச் சீராக்கத்துக்கும் ஈடுகொடுக்குமளவுக்குக் கதிரளவை வைத்துக்கொள்வது வடிவமைப்பின் விதிகளுள் ஒன்றாயிற்று.

கழிவுநீருக்கு வந்த வழி

1972இல் அமெரிக்கா தூய நீர்ச் சட்டத்தை இயற்றியது. ஆற்றில் விடும் கழிவுநீரை நகரங்கள் இரண்டாம் நிலைவரை சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. கிருமிநீக்கத்துக்கு எங்கும் குளோரினே கையாளப்பட்டது. எஞ்சிய குளோரின் மிகச் சிறிய அளவிலும் மீன்களைக் கொன்றது. அதை நீக்கக் கந்தக டை-ஆக்சைடு சேர்க்க வேண்டியிருந்தது. அப்போது ஒன்றுக்கு இரண்டாக நச்சு வாயு உருளைகளை ஊருக்குள் சேமிக்க நேர்ந்தது. 1974இல் ராட்டர்டாமில் யோஹானஸ் ரூக், நீரிலுள்ள கரிமப் பொருளோடு குளோரின் வினைபுரிந்து குளோரோஃபார்ம் உள்ளிட்ட டிரைஹாலோமீத்தேன்களை உண்டாக்குவதை வெளியிட்டார். நாற்பது ஆண்டுகளாக ஓரங்கட்டப்பட்டிருந்த புற ஊதா முறை மீண்டும் பேச்சுக்கு வந்தது.

தொடக்க வடிவங்கள் இடர் மிகுந்தவை. சிலவற்றில் டெஃப்லான் குழாய்களுக்குள் நீர் ஓட, விளக்குகள் வெளியே இருந்தன. வேறு சிலவற்றில் மூடிய கலத்துக்குள் விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. அழுக்குப் படிந்தால் கலத்தையே நிறுத்திக் கழற்ற வேண்டும். 1980களின் தொடக்கத்தில் திறந்த கால்வாய் வடிவம் வந்தபின் நிலைமை மாறியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டிரோஜன் டெக்னாலஜீஸ் நிறுவனம் 1982இல் டில்சன்பர்க் நகரக் கழிவுநீர் நிலையத்தில் இத்தகைய அமைப்பை நிறுவியது. விளக்குகளைச் சட்டங்களில் பொருத்தி, நீரோட்டத்துக்கு இணையாகக் கால்வாயில் இறக்கியிருந்தார்கள். ஒரு சட்டத்தைத் தூக்கித் துடைக்கும்போது மற்றவை எரிந்துகொண்டிருக்கும்.

1986இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நகராட்சிக் கழிவுநீர்க் கிருமிநீக்கத்துக்கான வடிவமைப்புக் கையேட்டை வெளியிட்டது. விளக்கைத் தொடர்ச்சியான புள்ளி மூலங்களாகக் கருதி, கால்வாயின் சராசரிக் கதிர்ச்செறிவைக் கணக்கிடும் முறை அதில் விரிவாகத் தரப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளுக்குப் பொறியாளர்கள் இதையே நம்பியிருந்தனர். ஆற்றில் விடும் நீருக்கு இது போதும். 100 மில்லிலிட்டரில் 200 மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா என்ற வரம்பை எட்ட மிகுந்த துல்லியம் தேவையில்லை. மறுபயன்பாடு என்றதும் கணக்கே வேறாயிற்று.

கலிஃபோர்னியாவின் விதி

வறண்ட கலிஃபோர்னியாவில் கழிவுநீர் மறுபயன்பாடு பழைய வழக்கம். 1912இலேயே சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவுக்குக் கழிவுநீர் பாய்ச்சப்பட்டது. 1918இல் மாநிலச் சுகாதார வாரியம் பயிர்களுக்குக் கழிவுநீர் பாய்ச்சுவதற்கான முதல் விதிகளை வகுத்தது. 1977இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் பொமோனாவில் முடிந்த வைரஸ் ஆய்வு, வடிகட்டலும் குளோரினும் சேர்ந்தால் போலியோ வைரஸை 5 லாக் அளவுக்குக் குறைக்கலாம் என்று காட்டியது. அதாவது, 1,00,000 வைரஸ்களில் ஒன்று மட்டுமே எஞ்சும்.

1978இல் உருவாகி 2000இல் திருத்தப்பட்ட மாநில விதித்தொகுப்பின் 22ஆம் தலைப்பு இதை அடித்தளமாகக் கொண்டது. பள்ளி மைதானம், பூங்கா, பச்சையாக உண்ணும் காய்கறி ஆகியவற்றுக்குப் பாய்ச்சும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு மொத்தக் கோலிஃபார்மின் ஏழு நாள் இடைநிலை மதிப்பு 2.2ஐத் தாண்டக் கூடாது. எந்த மாதிரியிலும் 240ஐத் தாண்டக் கூடாது. குளோரினைக் கையாண்டால் எஞ்சிய செறிவையும் தொடுநேரத்தையும் பெருக்கிய மதிப்பு 450 மில்லிகிராம்-நிமிடம்/லிட்டர் இருக்க வேண்டும். தொடுநேரம் 90 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. வேறு முறையைக் கையாள விரும்புவோர், வடிகட்டலோடு சேர்ந்து 5 லாக் வைரஸ் குறைப்பு கிடைக்கிறது என்று மெய்ப்பிக்க வேண்டும்.

90 நிமிடம் நீர் தேங்கும் தொட்டிக்கு ஈடாகச் சில நொடிகளில் நீர் கடந்துபோகும் கால்வாயை ஏற்கச் சொன்னால் சுகாதாரத் துறை எதை நம்பி ஏற்கும்? 1993இல் அமெரிக்காவின் தேசிய நீர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு விடை காண முயன்றது. 2000, 2003, 2012 ஆகிய ஆண்டுகளில் அது புதுப்பிக்கப்பட்டது. 2000 பதிப்பிலிருந்து மூன்று எண்கள் இத்துறையில் நிலைபெற்றன. மணல் முதலிய ஊடக வடிகட்டிக்குப் பின் வரும் நீருக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிஜூல், நுண்வடிகட்டல் சவ்வுக்குப் பின் 80, ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) சவ்வுக்குப் பின் 50. முன்னால் நடக்கும் சுத்திகரிப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு குறைந்த கதிர் போதும் என்பதே இந்த வரிசையின் பொருள். கலிஃபோர்னியாவுக்கென எழுதிய இவ்வழிகாட்டியை அமெரிக்காவின் பிற மாநிலங்களும் வெளிநாட்டு வடிவமைப்பாளர்களும் அளவுகோலாக எடுத்துக்கொண்டனர்.

வடிவமைப்பின் கணக்கு

கதிரளவு என்பது கதிர்ச்செறிவையும் அது பட்ட நேரத்தையும் பெருக்கிய தொகை. சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் செறிவில் 10 நொடி இருந்தால் 100 மில்லிஜூல். தாளில் எளிதாகத் தோன்றும் இந்தப் பெருக்கலை நீரின் இயல்பு கடினமாக்குகிறது.

முதல் காரணி ஊடுருவுதிறன். 254 நானோமீட்டர் கதிர் 1 சென்டிமீட்டர் நீரைக் கடந்தபின் எத்தனை விழுக்காடு மிஞ்சுகிறது என்பதே அதன் அளவு. வடிவமைப்புக்கு வழிகாட்டி குறிக்கும் மதிப்புகள் ஊடக வடிகட்டல் நீருக்கு 55, நுண்சவ்வு நீருக்கு 65, ஆர்.ஓ. நீருக்கு 90. கிடைமட்ட விளக்கு அமைப்புகளில் மையத்திலிருந்து மையத்துக்கு 7.5 சென்டிமீட்டர் இடைவெளி வழக்கமானது. உறையின் பருமனைக் கழித்தால், இரண்டு உறைகளுக்கு நடுவில் ஓடும் நீர் ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் 2.5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். நீர் உறிஞ்சுவதை மட்டும் கணக்கில் கொண்டால், அங்கே போய்ச் சேரும் கதிர் 90 விழுக்காட்டு நீரில் 77 விழுக்காடு, 65இல் 34, 55இல் 22. கண்ணுக்கு மூன்று நீரும் தெளிவாகவே தெரியலாம். சாயப்பட்டறைக் கழிவும், கரைந்த இரும்பும், மக்கிய இலைதழையின் சாரமும் கண்ணில் படாமலே கதிரை விழுங்குகின்றன. ஆகவே ஓராண்டேனும் எல்லாப் பருவங்களிலும் நீரை அளந்தபிறகே வடிவமைப்பைத் தொடங்குவது நல்லது. சராசரி மதிப்பை வைத்துக் கட்டினால் மோசமான நாளில் நிலையம் தோற்கும்.

இரண்டாவது காரணி துகள். மலத்துகளுக்குள் பொதிந்த பாக்டீரியாவைக் கதிர் எட்டாது. கதிரளவைக் கூட்டக் கூட்டக் கோலிஃபார்ம் எண்ணிக்கை வேகமாகச் சரிந்து, ஒரு கட்டத்துக்குப்பின் அசையாமல் நின்றுவிடும். இதைத் துறையினர் வளைகோட்டின் வால் என்பார்கள். வாலைக் குறைக்கக் கூடுதல் விளக்கு உதவாது; நல்ல வடிகட்டிதான் உதவும். கலங்கல் சராசரி 2 அலகைத் தாண்டக் கூடாது என ஊடக வடிகட்டலுக்கு 22ஆம் தலைப்பு விதித்திருப்பதன் காரணம் இங்கே விளங்கும்.

மூன்றாவது, காலம் செய்யும் தேய்மானம். விளக்கின் ஒளி மெல்ல மங்கும். வெதுவெதுப்பான உறையின்மேல் கால்சியமும் இரும்பும் படியும். சோதனை வழி வேறு மதிப்பு மெய்ப்பிக்கப்படாவிட்டால், முதுமைக்கு 0.5, படிவுக்கு 0.8 என்ற காரணிகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது வழிகாட்டி. இரண்டையும் பெருக்கினால் 0.4. அதாவது, விளக்கு புதிதாக இருக்கும்போது தரும் ஒளியில் ஐந்தில் இரண்டு பங்கையே நம்பி நிலையத்தைக் கட்ட வேண்டும். இந்த இழப்பைக் குறைக்கவே உறைகளில் தானே ஓடித் துடைக்கும் வளையங்கள் வந்தன. சிலவற்றில் துடைப்பானுக்குள் அமிலக் கரைசலும் இருக்கும்.

விளக்குத் தேர்வும் கணக்கைச் சார்ந்ததே. குறைந்த அழுத்த விளக்கு வாங்கும் மின்சாரத்தில் 30 முதல் 40 விழுக்காடு வரை கிருமிநீக்கக் கதிராக மாற்றும். நடுத்தர அழுத்த விளக்கு அதில் பாதிகூடத் தராது. ஆனால் ஒரே விளக்கின் சக்தி மிகப் பெரிது, இடம் குறைவாகப் பிடிக்கும். பாதரசத்தை இரசக்கலவையாக வைத்த குறைந்த அழுத்த, உயர் வெளியீட்டு விளக்குகள் இரண்டுக்கும் நடுவே வந்து, இன்று பெரிய மறுபயன்பாட்டு நிலையங்களில் பரவலாக உள்ளன.

கால்வாயின் நீர்மட்டமும் கவனத்துக்குரியது. மட்டம் உயர்ந்தால் மேல் விளக்கின்மேல் தடித்த நீர்ப்படலம் உருவாகி, அதன் வழியே கதிர் படாத நீர் நழுவிச் செல்லும். தாழ்ந்தால் விளக்கு காற்றில் எரிந்து சூடேறும். எனவே கடைசியில் நீண்ட வளைவுத் தடுப்பணையோ எடைக் கதவோ வைத்து மட்டத்தைச் சில சென்டிமீட்டருக்குள் நிறுத்துகிறார்கள். மாற்று விளக்கு வரிசையும் மாற்று மின்வழியும் கட்டாயம். மின்சாரம் போனால் கதிரும் போய்விடும்.

சான்று தரும் வைரஸ்

சராசரிச் செறிவைக் கணக்கிடும் 1986 முறையில் ஒரு குறை இருந்தது. கால்வாயில் எல்லா நீரும் ஒரே வேகத்தில், விளக்கிலிருந்து ஒரே தூரத்தில் போவதில்லை. ஒரு நூறாம் பங்கு நீர் குறுக்குவழியில் போனாலே 5 லாக் என்பது 2 லாக்காகிவிடும். சராசரி இதைச் சொல்லாது.

வழி 1983இலேயே தென்பட்டிருந்தது. குவால்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள், எதிர்ப்புத்திறன் தெரிந்த நுண்ணுயிரைக் கருவிக்குள் செலுத்தி, வெளியே எத்தனை பிழைத்தன என்று எண்ணி, அதிலிருந்து கதிரளவைப் பின்னோக்கிக் கணித்தார்கள். மறுபயன்பாட்டில் இந்தப் பணியை எம்எஸ்2 என்ற வைரஸ் ஏற்றது. அது ஈ.கோலி பாக்டீரியாவை மட்டுமே தாக்கும், மனிதருக்குத் தீங்கில்லை. போலியோ வைரஸைவிடக் கதிரை நன்கு தாங்கும்.

சோதனை இரண்டு இடங்களில் நடக்கும். ஆய்வுக்கூடத்தில் அதே நீரைச் சிறு தட்டில் ஊற்றி, நேர்ப்படுத்திய கதிர்க்கற்றையின் கீழ்க் காந்தத்துண்டால் கலக்கியபடி வைத்து, குறித்த கதிரளவுக்கு எத்தனை எம்எஸ்2 பிழைக்கிறது என்ற வரைபடம் எடுப்பார்கள். கால்வாயில் மேல்புறம் கோடிக்கணக்கான எம்எஸ்2ஐக் கலந்து, கீழ்ப்புறத்தில் மாதிரி எடுப்பார்கள். பிழைத்த எண்ணிக்கையை வரைபடத்தில் பொருத்தினால், அந்தக் கருவி உண்மையில் கொடுத்த கதிரளவு தெரியும். ஓட்ட வேகம், ஊடுருவுதிறன், விளக்கின் மின்திறன் மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து ஒரு சூத்திரம் உருவாக்குவார்கள். நிலையத்தின் கணினி ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சூத்திரத்தைக் கணக்கிட்டு, விளக்குகளைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். கண்டிப்பான நீர்வாரியங்கள் நிறுவியபின்னும் தளத்தில் ஒருமுறை எம்எஸ்2 விட்டுப் பார்க்கின்றன.

எதை அளப்பது என்பதில் ஏற்பட்ட இன்னொரு திருத்தம் கிரிப்டோஸ்போரிடியம் பற்றியது. 1993இல் மில்வாக்கி நகரக் குடிநீரில் புகுந்து சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளிய இந்த ஒட்டுண்ணியைக் குளோரின் எளிதில் தொடாது. அது உயிருடன் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்த்த பழைய ஆய்வுகள், புற ஊதாக் கதிரும் பயன்படாது என்றே எண்ண வைத்தன. 1998இல் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, கதிர் பட்ட ஒட்டுண்ணி உயிரோடு தெரிந்தாலும் தொற்றவில்லை. 3 லாக் குறைப்புக்கு 12 மில்லிஜூல் போதும் என்று 2006இல் அமெரிக்க விதி அறிவித்தது. அதே விதி அடினோவைரஸின் 4 லாக் குறைப்புக்கு 186 மில்லிஜூல் கேட்டது. அது தன் டி.என்.ஏ. பழுதை மனித உயிரணுவின் நொதிகளைக் கொண்டே சீராக்கிக்கொள்ளக்கூடியது.

பாசனத்திலிருந்து குடிநீருக்கு

கலிஃபோர்னியாவின் சாண்டா ரோசா நகரம் புற ஊதாக் கதிர் பட்ட மூன்றாம் நிலை நீரை 2003 முதல் 60 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கெய்சர்ஸ் மலைப்பகுதிக்கு ஏற்றி, நிலத்தடி நீராவி மின்நிலையங்களுக்காகப் பூமிக்குள் செலுத்துகிறது. அதே ஆண்டில் சிங்கப்பூர், நுண்வடிகட்டல், ஆர்.ஓ., புற ஊதா என்ற மூன்று படிகள் கொண்ட நியூவாட்டர் திட்டத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தது.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் திருப்பம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அங்கே 1976 முதல் சுத்திகரித்த கழிவுநீர் கடல்நீர் புகாமல் தடுக்க நிலத்தடியில் செலுத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் ஊக்கி நீரில் கண்டுபிடிக்கப்பட்டது. லிட்டருக்கு 10 நானோகிராம் என்ற கலிஃபோர்னிய எச்சரிக்கை வரம்பைத் தாண்டாமல் இதைத் தடுக்க ஆர்.ஓ. மட்டும் போதவில்லை; மூலக்கூறு சவ்வைக் கடந்துவிடும் அளவுக்குச் சிறியது. புற ஊதாக் கதிர் அதை நேரடியாகச் சிதைத்தது. ஆனால் பத்தில் ஒன்பது பங்கை அழிக்கச் சுமார் 1,000 மில்லிஜூல் தேவை, கிருமிநீக்க அளவின் பத்து, இருபது மடங்கு. ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் உண்டாகி 1,4-டையாக்சேன் போன்ற பிடிவாதமான வேதிப்பொருள்களையும் தாக்கும். 2008இல் நாளொன்றுக்கு 26.5 கோடி லிட்டர் அளவில் தொடங்கிய இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீர் நிரப்பும் அமைப்பு, 2023இல் 49 கோடி லிட்டரைத் தாண்டியது. ரசாயனத்துக்காகக் கூட்டிய கதிரில் கிருமிநீக்கம் உபரி இலாபமாகிவிட்டது. விதிகள் இந்த ஒரு படிக்கு அதிகபட்சம் 6 லாக் வரை மதிப்பு வழங்குகின்றன.

2013இல் டெக்சாஸின் பிக் ஸ்பிரிங் நகரில் இதே மூன்று படிகள் கடந்த நீர் இடையில் நிலத்தடிக்குப் போகாமலே குடிநீர் நிலையத்தைச் சென்றடைந்தது. 2023 டிசம்பரில் நேரடிக் குடிநீர் மறுபயன்பாட்டு விதிகளை ஏற்ற கலிஃபோர்னியா, கழிவுநீரிலிருந்து குழாய்வரை வைரஸுக்கு 20 லாக், ஜியார்டியா ஒட்டுண்ணிக்கு 14, கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 15 என்ற குறைப்பைக் கோருகிறது. பல படிகளை அடுக்கினால்தான் இவ்வெண்கள் கூடும். ஒவ்வொரு படியும் தன் பங்கைத் தொடர்ந்து நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்றைய நிலை

பாதரசத்தின் மீதான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தபின் பாதரசமற்ற விளக்குகளின் மேல் கவனம் திரும்பியுள்ளது. 265 முதல் 280 நானோமீட்டர் வரை ஒளிரும் எல்.இ.டி.கள் உடனே எரியும், உடனே அணையும். அலைநீளத்தைத் தேர்ந்துகொள்ளவும் இடம் தரும். ஆனால் மின்சாரத்தைக் கதிராக மாற்றும் திறனில் அவை குறைந்த அழுத்த விளக்கை இன்னும் எட்டவில்லை. அதனால் பெருநகரக் கழிவுநீரில் பாதரசமே கோலோச்சுகிறது. எல்.இ.டி. அந்த இடத்துக்கு வந்தாலும், விளக்கு அட்டவணையில் எழுதிய திறனை வைத்து யாரும் அனுமதி பெற முடியாது. அந்த விளக்குகளும் எம்எஸ்2 போன்ற உயிர்ச் சோதனையில் தேறியாக வேண்டும். அலைநீளம் மாறினால் வைரஸின் எதிர்ப்புத்திறனும் மாறுவதால், வரைபடத்தை முதலிலிருந்து எடுக்க வேண்டியும் வரும்.